பலதார மணமும் பங்கீட்டு நியாயமும்



பலதார மணம் என்றவுடன், அது தர்மத்துக்கு ஒத்ததா, பெண்மைக்கு இழுக்கா, சமயச் சுதந்தரத்தில் அடங்குவதா என்னும் வினாக்களே நம் மனத்தில் முன்வந்து நிற்கின்றன. அவை பெரிய வினாக்களே ஆயினும், மேடைகளிலும் சட்டமன்றங்களிலும் பல தலைமுறைகளாகப் பேசப்பட்டு வந்தவை. அத்துணை விரிவாகப் பேசப்படாத வேறொரு பக்கம் இப்பொருளுக்கு உண்டு. ஒருவனுக்கு மனைவியர் இருவர் உளர் என்று அரசு ஏற்றுக்கொண்டாலும் சரி, இரண்டாமவள் மனைவியே அல்லள் என்று தள்ளிவிட்டாலும் சரி, அவன் குடியிருந்த வீடும், ஈட்டிய பொருளும், பட்ட கடனும், பெற்ற பிள்ளைகளும், அவனுக்குப் பின் வரும் ஓய்வூதியமும் யாருக்கு எவ்வளவு என்னும் கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. இன்றைய உரையின் பொருள் அந்தக் கணக்கே.

அக்கணக்கை ஆராயப் புகுந்த எனக்கு ஓர் உண்மை ஐயமறத் தோன்றுகிறது. பலதார மணத்தை ஏற்கும் சட்டமாயினும் விலக்கும் சட்டமாயினும், இரண்டாம் மணத்துக்கு முன்பே கேட்க வேண்டிய பொருட்கணக்கைக் கணவன் இறந்த பின்பு கேட்குமாயின், அதனால் விளையும் நஷ்டத்தை, அதற்கு மிகக் குறைந்த பொறுப்புடைய பெண்ணே சுமக்கிறாள். இதனை நிறுவுவதும், இதற்குரிய பரிகாரத்தைச் சொல்வதுமே என் நோக்கம்.

இருவரை எண்ணி எழுந்த சட்டம்

கணவனோ மனைவியோ இறந்தால் வாரிசு யார், பிரிந்தால் ஜீவனாம்சம் யாருக்கு, வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் பெறுபவர் யார், நினைவிழந்து மருத்துவமனையில் கிடப்பவரின் சார்பில் முடிவு சொல்லத் தக்கவர் யார், குழந்தையின் பாதுகாவலர் யார் என்னும் வினாக்கள் பலவற்றுக்கும் இக்காலச் சட்டம் வாழ்க்கைத் துணைவரையே முதல் விடையாகக் காட்டுகிறது. அவ்விடை குழப்பமின்றிப் பயன்பட்டு வருவதற்குக் காரணம், அத்துணைவர் ஒரு காலத்தில் ஒருவரே என்னும் துணிபு சட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் உள்ளடங்கி இருப்பதாகும். அத்துணிபை நீக்கிவிட்டால், மணச் சட்டத்தில் ஒரு பிரிவை மாற்றுவதோடு வேலை முடியாது. வாரிசுச் சட்டமும், ஓய்வூதிய விதிகளும், காப்பீட்டுச் சட்டமும், தத்தெடுப்புச் சட்டமும் அடிமுதல் மாற்றி எழுதப்பட வேண்டும்.

இருவர் மணந்தால் அங்கே உள்ள உறவு ஒன்று. மூவர் ஒருவரோடொருவர் மணந்தவராகக் கருதப்படின் உறவுகள் மூன்று, நால்வராயின் ஆறு, ஐவராயின் பத்து. ஒரு கணவனோடு மனைவியர் தனித்தனியே பிணைக்கப்பட்டவராகக் கொள்ளின் உறவுகளின் எண்ணிக்கை குறையுமேயன்றி ஐயங்கள் குறையா. மூத்தவள் விவாகரத்துப் பெற்றுப் பிரியும்பொழுது, அவளும் கணவனும் பதினைந்து ஆண்டு சேர்த்த பொருளையும், இளையவள் வந்தபின் ஐந்தாண்டில் சேர்ந்த பொருளையும் எவ்வாறு பிரிப்பது? இளையவளின் உழைப்பால் அடைக்கப்பட்ட வீட்டுக் கடனுக்காக அவ்வீட்டில் அவளுக்கு உண்டாகும் பாத்தியதை, அவ்வீட்டின் பெயர்ப்பத்திரத்தில் உள்ள மூத்தவளின் உரிமையைக் குறைக்குமா? கணவன் மறைந்தபின் அவ்விரு பெண்களுக்கும் இடையே எஞ்சும் சட்ட உறவு எது? இவற்றுள் ஒன்றுக்கேனும் இருவர் மணத்தின் சட்டத்தில் ஆயத்தமான விடை கிடையாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சோமர்வில் நகரமன்றம் இருவருக்கு மேற்பட்டோரின் இல்லறக் கூட்டைப் பதிவு செய்ய 2020-இல் இசைந்தது. அதற்குப் பத்தாண்டுகட்கு முன்பே, அந்நாட்டுச் சட்டப் பேராசிரியரான அட்ரியென் டேவிஸ் என்பார், பலதார மணத்தை ஒழுங்குபடுத்த வேண்டுமாயின் குடும்பச் சட்டத்தை விட வணிகக் கூட்டுச் சட்டமே நல்ல வழிகாட்டி என்று வாதிட்டார். புதிய கூட்டாளி சேரும்பொழுதும் பழைய கூட்டாளி விலகும்பொழுதும் கணக்கை முடித்துப் பங்கைத் தீர்க்கும் முறை வணிகத்தில் நெடுங்காலமாகப் பழகியது அன்றோ என்பது அவர் கருத்தின் சாரம். வாழ்க்கைத் துணையை வியாபாரக் கூட்டாகக் கருதுவது நம் உள்ளத்துக்கு ஒவ்வாதது போலத் தோன்றினும், புதியவர் நுழையும் நேரமே பழையவரின் கணக்கைத் தீர்க்கும் நேரம் என்னும் அவ்வணிக நெறியில் ஓர் அறம் இருப்பதை நாம் மறுக்க இயலாது.

நீலகிரி மலையின் நெறி

இந்த அறத்தை வணிகர் மட்டுமே கண்டனர் என்பதில்லை. நம் நீலகிரி மலையில் எருமை வளர்த்து வாழும் தோடர் சமூகத்தில், ஒரு பெண் ஒருவனை மணந்தால் அவன் உடன்பிறந்தார்க்கும் அவளே மனைவியாகும் வழக்கம் முன்பு நிலவியது. கேம்பிரிட்ஜ் அறிஞரான ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் இம்முறை விரிவாகப் பதிவாகியுள்ளது. கணவர் பலராயின் பிள்ளையின் தந்தை யார், அப்பிள்ளை எவருடைய எருமைக்கும் எவருடைய குலத்துக்கும் உரியது என்னும் வினா எழாமல் இருக்க முடியாது. அதனைத் தோடர்கள் பிறப்புக்குப் பின்னரோ இறப்புக்குப் பின்னரோ தீர்க்கவில்லை. பெண் கருவுற்று ஏழாம் மாத அளவில், கணவருள் ஒருவன் சுற்றத்தார் முன்னிலையில் அவளுக்குச் சிறிய வில்லும் அம்பும் தருவான். அச்சடங்கைச் செய்தவனே அப்பிள்ளைக்கும், வேறொருவன் அவ்வாறு வில் தரும் வரையில் அடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் தந்தை.

எழுத்தும் பத்திரமும் இல்லாத ஒரு சமூகம், பலர் கூடிய மணத்தை ஏற்றுக்கொண்ட அதே வேளையில், அம்மணத்தால் விளையும் மிகக் கடினமான சொத்துப் பிரச்சினையைப் பிள்ளை பிறக்குமுன்பே, சாட்சிகளின் எதிரே தீர்த்துவைத்தது. இப்பொருளைப் பற்றிய நவீனச் சட்டங்கள் பலவற்றில் நான் காணாத முன்யோசனையை அந்தச் சிறு வில்லில் காண்கிறேன்.

சென்னை மாகாணத்தின் சட்டமும் அதன் பின்னும்

இனி நம் சட்ட வரலாற்றுக்கு வருவோம். பழைய இந்து தர்ம சாஸ்திர முறையில் ஆடவன் மணக்கும் மனைவியர்க்கு வரம்பு இல்லை. மனைவியர்க்கோ கணவன் சொத்தில் நிலையான பங்கு அரிதாகவே இருந்தது. 1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்கு மகனுக்கு இணையான பங்கை அளித்தது. அதனையும் அவள் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் வரம்புக்குட்பட்ட பாத்தியதையாகவே அளித்தது. அங்கேயே ஒரு சொற்றொடர் நுழைந்தது. விதவையர் ஒருவருக்கு மேற்பட்டோராயின் அனைவரும் சேர்ந்தே ஒரு மகனின் பங்கை அடைவர் என்று அச்சட்டம் கூறியது. 1946-இல் மத்தியச் சட்டம் ஒன்று, கணவன் மறுமணம் செய்துகொண்டால் மனைவி தனித்து வாழ்ந்து ஜீவனாம்சம் பெறலாம் என்று உறுதி செய்தது. அவ்வாண்டிலேயே பம்பாய் மாகாணம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்ற, 1949-இல் சென்னை மாகாணம் இருதாரத் தடையையும் விவாகரத்து உரிமையையும் ஒருங்கே தரும் தன் சட்டத்தை இயற்றியது.

ஒரு சமயத்தாருக்கு மட்டும் இத்தடை விதிப்பது அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு மாறானது என்று தொடுக்கப்பட்ட வழக்கைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1951-இல் சாக்ளா, கஜேந்திரகட்கர் என்னும் இரு நீதியரசர்களின் தீர்ப்பால் தள்ளியது. சென்னை உயர்நீதிமன்றமும் நம் மாகாணச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. துணைவர் உயிரோடிருக்க நிகழும் இரண்டாம் மணம் செல்லாது. அதனைச் செய்தவர்க்குத் தண்டனையும் உண்டு. பெண்ணின் மானத்தையும் சமநிலையையும் காக்க எழுந்த இச்சீர்திருத்தத்தை நான் நெஞ்சார மதிக்கிறேன். அதனைத் திரும்பப் பெற வேண்டும் என்று கனவிலும் கருதேன்.

ஆனால் அதற்கு முன்பே சட்டப்படி நடந்துவிட்ட மணங்களை மறக்க இயலாதாகையால், அடுத்த ஆண்டு வந்த சட்டங்கள் அவற்றுக்கும் விதி வகுக்க நேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, விதவை ஒருத்தியாயினும் பலராயினும் அனைவரும் சேர்ந்து ஒரே பங்கைப் பெறுவர் என்று 1937-ஆம் ஆண்டின் நெறியையே தொடர்ந்தது. அவ்வாண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமோ இன்னும் நுட்பமான ஒரு நிலையை எதிர்கொண்டது. மனைவியர் பலரையுடையவன் பிள்ளையைத் தத்தெடுப்பதாயின் அனைவர் சம்மதமும் வேண்டும் என்றும், தத்தெடுத்தபின் அவர்களுள் மணத்தால் மூத்தவளே தாய், ஏனையோர் மாற்றாந்தாயர் என்றும் அது விதித்தது. மனைவியர் அனைவரும் மனமொப்பி வரவேற்ற ஒரு பிள்ளைக்குத் தாய் யார் என்பதைக்கூடச் சட்டம் மணத்தின் தேதியைக் கொண்டே தீர்மானிக்க நேர்ந்தது என்றால், பலதார மணத்தை ஏற்பதன் சிக்கல் எத்துணை ஆழமானது என்பது புலனாகும்.

நாற்பத்திரண்டு லட்சத்தின் பங்கீடு

இவ்விதிகளின் பயனை ஓர் உதாரணக் கணக்கால் தெளிவுபடுத்த விரும்புகிறேன். ஒருவன் உயில் எழுதாமல் இறக்கிறான்; அவன் தானே ஈட்டிய (சுயார்ஜித) சொத்து 42 லட்சம் ரூபாய்; மூத்த தாரத்துக்குப் பிள்ளைகள் இருவர், இளைய தாரத்துக்கு மூவர்; அவனுடைய தாய் முன்பே காலமாகிவிட்டாள் என்று கொள்வோம்.

இரு மணங்களும் தடைச் சட்டத்துக்கு முந்தியவையாய்ச் செல்லத்தக்கனவாயின், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பங்குகள் ஆறு. பிள்ளைகள் ஐவரும் தலைக்கு 7 லட்சம் பெற, விதவையர் இருவரும் சேர்ந்து ஒரு 7 லட்சத்தைப் பெற்று ஆளுக்கு மூன்றரை லட்சமாகப் பிரித்துக்கொள்வர். இளையவளும் விதவையாக எண்ணப்படுவதால் பிள்ளைகளின் பங்கு குறையாமலே இருக்க, மூத்தவளின் பங்கு மட்டும் பாதியாகக் குறைந்துபோகிறது. கணவன் செய்த மறுமணத்தின் செலவை அவன் மனைவியே தன் பங்கிலிருந்து கொடுக்கிறாள்.

இஸ்லாமிய வாரிசு முறையில், பிள்ளைகள் இருக்குமிடத்து மனைவிக்கு எட்டில் ஒன்று; மனைவியர் பலராயின் அந்த எட்டில் ஒன்றையே சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன தொகையில் அது ஐந்தேகால் லட்சம். ஆளுக்கு 2,62,500 ரூபாய். எனினும் அம்முறையில் ஒரு சிறப்பு உண்டு. மணத்தின்போது கணவன் மனைவிக்குத் தருவதாக ஒப்பும் மஹர் தொகை எந்த மனைவிக்கேனும் கொடுபடாமல் நின்றிருப்பின், அது கணவன் பட்ட கடனாகக் கருதப்பட்டு, பங்கீட்டுக்கு முன்பே அவன் சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டும். மண நாளிலேயே எழுதப்பட்ட அவ்வுரிமையை, பின்னர் வரும் இன்னொரு மணம் குறைக்க இயலாது. மஹர் பெயரளவான சிறு தொகையாய் எழுதப்படுமிடத்து இப்பாதுகாப்பும் பெயரளவாகிவிடுகிறது என்பது வேறு.

இன்றைய நிலையில், 1955-க்குப் பின் இந்து ஒருவன் செய்த இரண்டாம் மணம் செல்லாததாகையால், மூத்தவள் 7 லட்சம் முழுதும் பெறுவாள். இளையவளின் பிள்ளைகளும் தலைக்கு 7 லட்சம் பெறுவர். இளையவள் பெறுவது ஒன்றுமில்லை. அவள் அவனோடு 30 ஆண்டு வாழ்ந்திருந்தாலும், அவ்வீட்டுக்குத் தன் நகையை விற்றுக் கொடுத்திருந்தாலும், முதல் மணத்தைப் பற்றி அவளிடம் ஒருவரும் சொல்லாதிருந்தாலும், வாரிசு என்னும் முறையில் அவளுக்குச் சட்டம் காட்டும் தொகை பூஜ்யமே.

செல்லாத மணத்தின் செல்லும் துன்பங்கள்

தடையின் கடுமை, அதனை மீறிய ஆடவன்மேல் விழுந்திருக்க வேண்டும். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. 1965-இல் உச்சநீதிமன்றம், இரண்டாம் மணம் உரிய சடங்குகளோடு நடந்தது என்று நிரூபித்தாலன்றி இருதாரக் குற்றம் நிலைபெறாது என்று கூறியது. இதன் விளைவாக, சடங்கில் ஒன்றைக் குறைத்து மணந்தவன் தண்டனைக்குத் தப்பும் வழி திறந்தது. தமிழ்நாட்டில் அவ்வழியை ஓரளவு அடைத்தது, 1967-இல் அறிஞர் அண்ணா அவர்களின் ஆட்சியில் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட வலிமை தந்த, இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவாகும். மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும் என்று அப்பிரிவு கூறுவதால், திருத்தணியில் தாலி கட்டி நடந்த ஓர் இரண்டாம் மணத்தில் ஏழடி எடுத்துவைக்கும் சப்தபதிச் சடங்கு நிரூபிக்கப்படவில்லை என்னும் வாதத்தை 2001-இல் உச்சநீதிமன்றம் ஏற்காது, அந்தக் கணவனைக் குற்றவாளியாகவே கண்டது. மணத்தை எளிதாக்கிய சட்டமே மணத்தின் பெயரால் செய்யும் வஞ்சனையைப் பிடிப்பதற்கும் துணையாயிற்று.

ஆடவனுக்கு இவ்வாறு தப்பும் வழிகள் இருந்த காலத்தில், இரண்டாம் தாரமாக வந்த பெண்ணுக்கோ வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஜீவனாம்சத்துக்குரிய மனைவி என்பவள் சட்டப்படி மணந்தவளே என்று 1988-இலும், மீண்டும் 2005-இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-இல்தான், முதல் மணத்தை மறைத்து ஒருத்தியை மணந்தவன் தன் குற்றத்தையே தனக்கு அரணாகக் கொள்ள அனுமதிக்கலாகாது என்று கூறி, வஞ்சிக்கப்பட்ட பெண்ணை ஜீவனாம்சப் பிரிவின் நோக்கத்துக்கு மனைவியாகக் கருதலாம் என்று அந்நீதிமன்றம் நியாயம் செய்தது. ஆயினும் அந்நியாயம் உயிரோடு இருக்கும் கணவனிடமிருந்து பெறும் ஜீவனாம்சத்தோடு நின்றுவிட்டது. அவன் இறந்தபின் வரும் பங்கீட்டுக்கு அது நீளவில்லை.

ஓய்வூதியத்தின் நிலையைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஓய்வூதிய விதிகள், விதவையர் ஒருவருக்கு மேற்பட்டோராயின் குடும்ப ஓய்வூதியத்தைச் சமமாகப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று கூறின. ஆனால் அவ்வேற்பாடு சட்டப்படி விதவையானவர்க்கே உரியது. பீகார் மாநில அரசு ஊழியர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய வழக்கில் 2000-இல் உச்சநீதிமன்றம், இரண்டாம் தாரத்தின் பிள்ளைகளுக்கு வயது வரும்வரை ஓய்வூதியத்திலும், பணிக்கொடையிலும் பங்கு உண்டு, அவர்களை ஈன்றவளுக்கு இல்லை என்று தீர்த்தது. 2008-இல் வந்த இன்னொரு வழக்கிலோ, நிலக்கரிச் சுரங்க ஊழியர் ஒருவர் தம் இரண்டாம் தாரத்தை நாமினியாக எழுதி வைத்திருந்தமையால், வாரிசுரிமைச் சான்று அவளுக்கே அளிக்கப்பட்டு, முதல் மனைவியின் ஐந்தில் ஒரு பங்கைக் காக்க அவளிடம் ஜாமீன் பெறுமாறு ஆணையிடப்பட்டது. நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கையேயன்றி அதன் உரிமையாளர் அல்லர் என்பது காப்பீட்டு வழக்கொன்றில் 1984-இல் உறுதிப்பட்ட நெறி. காப்பீட்டைப் பொறுத்த அளவில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நெறியைப் பெரிதும் மாற்றிவிட்டது. ஒரே மனிதன் விட்டுச்சென்ற வைப்பு நிதிக்கு ஒரு நெறியும், காப்பீட்டுக்கு மற்றொரு நெறியும், நிலத்துக்கு வேறொரு நெறியுமாக இருக்கும்போது, இருதரப்புக் குடும்பமும் எந்த வாயிலில் போய் நிற்பது என்று அறியாமல் திகைப்பது இயல்பே. வாரிசுச் சான்றிதழ் கேட்டு வரும் இருவரிடையே தகராறு எழுந்தால், தாசில்தார் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகுமாறு சொல்லுவார். அங்கே வழக்கு முடியும்வரை பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டு வாடகைக்கும் உதவ வேண்டிய பணம் முடங்கிக் கிடக்கும்.

பிள்ளைகளின் வகையில் மட்டும் சட்டம் பெருந்தன்மை காட்டியிருக்கிறது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, செல்லாத மணத்தில் பிறந்தவரும் சட்டப்படியான பிள்ளைகளே. அவர்கள் உரிமை பெற்றோர் சொத்துக்கு அப்பால் செல்லாது என்னும் வரம்புக்குப் பொருள் என்ன என்பதில் நெடுநாள் நிலவிய ஐயத்தையும் 2023-இல் உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில், தந்தை இறக்குமுன் கற்பனையாகப் பாகம் பிரித்திருந்தால் அவர் பங்குக்கு எது வந்திருக்குமோ, அதில் இப்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பெற்றோரின் தவற்றுக்குப் பிள்ளை பொறுப்பன்று என்னும் நீதியை ஏற்ற சட்டம், கணவனின் வஞ்சனைக்கு வஞ்சிக்கப்பட்டவள் பொறுப்பன்று என்னும் நீதியை இன்னும் முழுதாக ஏற்காமல் இருப்பதே எனக்கு வேதனை தருகிறது.

முன்கூட்டிக் கணக்குக் கேட்ட நாடுகள்

பலதார மணத்தை ஏற்றுக்கொண்டே அதன் பொருட்சிக்கலைக் கட்டுப்படுத்த முயன்ற நாடுகளும் உள்ளன. பாகிஸ்தான் 1961-இல் இயற்றிய முஸ்லிம் குடும்பச் சட்டம், மறுமணம் செய்ய விரும்புவோன் நடுவர் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும் என்று விதித்தது. பெறாது மணந்தவன் முன்னுள்ள மனைவியர்க்குத் தர வேண்டிய மஹர் முழுவதையும் உடனே கொடுத்தாக வேண்டும், கொடாவிடின் நிலவரிப் பாக்கியைப் போல அது வசூலிக்கப்படும். சிறைத் தண்டனைக்கும் அங்கே இடமுண்டு. எனினும் பாதிக்கப்பட்டவளின் கைக்குப் பணம் வந்து சேரும் இவ்வேற்பாடே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இவ்வகையில் மிக விரிவாகச் சிந்தித்த நாடு தென்னாப்பிரிக்கா. அந்நாட்டில் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த வழக்காற்று மணங்களின் அங்கீகாரச் சட்டம், மனைவியுள்ள ஒருவன் மேலும் மணக்க விரும்பினால், இனி வரும் குடும்பங்களின் சொத்துமுறை எவ்வாறு இருக்கும் என்பதை எழுத்தில் வகுத்து நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. பொதுச்சொத்து முறையில் வாழ்ந்த தம்பதியராயின், நீதிமன்றம் அப்பழைய முறையை முடித்து, சொத்தைப் பிரித்து, முன்னவளுக்கு நியாயமான பங்கு கிடைப்பதை உறுதிசெய்த பின்னரே புதிய மணத்துக்கு இடமளிக்க வேண்டும். அச்சட்டம் வந்த பின்னும் மக்களிற் பலர் நீதிமன்றத்தை நாடாமலே மணந்தமையால் வழக்குகள் எழுந்தன. அவ்வாறு நடந்த மணம் அக்காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது, ஆனால் பின்வந்தவளுக்குப் பொதுச்சொத்தில் இடமில்லை என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கே 2013-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அடைந்தபோது, ட்சோங்கா மக்களின் வழக்கப்படி முதல் மனைவியின் சம்மதம் வேண்டும், அது பெறப்படாத இரண்டாம் மணம் செல்லாது என்று தீர்க்கப்பட்டது. 2017-இல் அந்நீதிமன்றம் பழைய பலதார மணங்களைப் பற்றி இன்னும் நுட்பமான ஒரு பாகுபாட்டைச் செய்தது. ஒவ்வொரு மனைவியின் மனைக்கும் தனியே உரிய சொத்தில் கணவனும் அம்மனைவியும் சமவுரிமை உடையவர்; குடும்பம் முழுமைக்கும் பொதுவான சொத்தில் கணவனும் மனைவியர் அனைவரும் சமவுரிமை உடையவர்.

வாரிசு முறையிலும் அந்நீதிமன்றம் நம் சட்டத்தினின்று வேறொரு வழியில் சென்றது. இஸ்லாமிய முறையில் இரு மனைவியரை மணந்த ஒருவரின் விதவையைப் பற்றிய வழக்கில் 2009-இல் அது, பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுத்து வந்த பழைய முறையை நீக்கி, பிள்ளைகளின் எண்ணிக்கையோடு விதவையரின் எண்ணிக்கையையும் கூட்டி வகுக்குமாறு ஆணையிட்டது. நம் உதாரணத்தின் 42 லட்சத்தை அம்முறையில் ஏழு பங்காக்கினால், பிள்ளைகள் ஐவர்க்கும் விதவையர் இருவர்க்கும் தலைக்கு 6 லட்சம். மறுமணத்தின் சுமையை மூத்தவள் ஒருத்தியே சுமக்காது குடும்பம் முழுதும் பகிர்ந்து ஏற்கிறது. இம்முறை குறையற்றது என்று நான் கூறவில்லை. சுமை எங்கே விழுகிறது என்பதைச் சட்டம் கண்திறந்து பார்த்துத் தீர்மானித்தது என்பதே அதன் பெருமை.

நாம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, நம் நாட்டுக்குத் தக்கனவாக மூன்று பரிகாரங்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, நல்லெண்ணத்தோடு மணந்து வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் பொருளுரிமையைப் பற்றியது. செல்லாத மணமும், அதனை நல்லெண்ணத்தோடு செய்துகொண்டவரின் வகையில், செல்லும் மணத்தின் பயன்களைத் தரும் என்னும் விதி பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. 2013-இல் நம் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஜீவனாம்சத்துக்கு வகுத்த நியாயத்தை, வாரிசுப் பங்குக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் விரித்து நம் நாடாளுமன்றம் சட்டமியற்றலாம். அவளுக்குத் தரும் பங்கு முதல் மனைவியின் பங்கைப் பாதியாக்கிவிடாத வகையில், பிள்ளைகளின் எண்ணிக்கையோடு அவளையும் தனித்தலையாக எண்ணி வகுக்கலாம். இதனால் இருதார மணத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிடாது. மணம் செல்லாது என்பதும் கணவன் தண்டிக்கப்படுவான் என்பதும் அப்படியே நிற்க, அவனுடைய பொய்யால் அவள் இழந்ததை அவன் பொருளே ஈடுசெய்யும்.

இரண்டாவது, சமய வழக்கப்படி பலதார மணம் இன்றும் செல்லத்தக்கதாய் இருக்குமிடங்களில், அவ்வுரிமையை நீக்குவதா வேண்டாவா என்னும் பெருவாதம் முடியும்வரை காத்திராமல், மறுமணத்துக்கு முன்பு முதல் மனைவியின் வீடு, மஹர், பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியவற்றை எழுத்தில் தீர்த்து நீதிமன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்னும் கடமையை விதிப்பது. மூன்றாவது, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தைப் பெயரளவான நடைமுறையாக விட்டுவிடாது, பதிவாளர் முன்மணத்தை உண்மையாகவே சோதித்தறியும் வகையில் மாநிலம் முழுதும் உள்ள பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைப்பது. மணவறைக்குப் போகுமுன் ஒரு பெண்ணின் தந்தையோ அண்ணனோ அப்பதிவேட்டைப் பார்த்து உண்மையை அறிய முடியுமாயின், நீதிமன்றத்தில் இருபதாண்டு நடக்கும் வழக்குகளுள் பல தொடங்காமலே போகும்.

மாணவ நண்பர்களே, குடும்பச் சட்டம் என்பது ஒழுக்கத்தைப் பற்றிய பிரசங்கம் என்று எண்ணி அதனைக் கற்காதீர்கள். அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் ஒரு வீடும், ஒரு வங்கிக் கணக்கும், ஒரு பெண்ணின் மிஞ்சிய வாழ்நாளும் உள்ளன. பலதார மணத்தை ஏற்போரும் எதிர்ப்போரும் தம் கொள்கையை உரத்துச் சொல்லுமுன், அக்கொள்கை நிறைவேறும் நாளில் மூத்தவளுக்கு எவ்வளவு, இளையவளுக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று எழுதிக்காட்டக் கடமைப்பட்டவர்கள். அக்கணக்கைச் சட்டமன்றத்தில் எழுதுங்கள், பதிவலுவலகத்தில் எழுதுங்கள், மணப் பந்தலுக்கு முன்பே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.